தலைமாடு எந்தப் பக்கம்

ஜமால் முகமதுவை எப்படியாவது நல்லவனாக்கி வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள் என்று நிறையப் பேர் கார்டு போட்டிருக்கிறீர்கள். சேர்க்க எனக்கும் ஆசைதான். அவன் ஒத்துழைக்க வேண்டுமே.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்ரீவில்லிபுத்தூரில் துணிக்கடை வைத்திருக்கும் அப்துல் ஹமீதுக்கு ஜமால் ஒரே மகன். சார்ஜாவில் வேலை. ஹமீது தன் அக்கா மகள் நூர்பானுவைத்தான் அவனுக்குக் கட்டி வைத்தார். அவர்களுடைய மகள் அசீனா மூன்றாவது படித்தபோது கடைசியாக வந்துபோனவன் ஜமால். இப்போது அவள் ஒன்பதாவது. நடுவில் குவைத் சண்டை வந்தது, போனது. பெற்ற தாய் மவுத்தாகி மண்ணுக்குள் போனாள். எதற்கும் அவன் வரவில்லை. மாதம் பிறந்தால் டிராப்ட் மட்டும் வந்தது.

வியாழக்கிழமை சாயந்திரம் பக்கத்து அரிசிக்கடை வேல்சாமியின் போனில் அவன் குரல் கேட்டது. ஊருக்கு வந்துவிட்டானாம். ஆனால் வீட்டுக்கு வரவில்லை. ராஜபாளையத்தில் ஓட்டல் எடுத்துத் தங்கியிருக்கிறானாம். நூரை மட்டும் காலையில் அனுப்பிவையுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். பக்கத்து ஊரில் வீடு இருக்க ஒருவன் ஓட்டலில் தங்கினால் தெரு என்ன பேசும் என்று நான் எழுத வேண்டியதில்லை. உங்கள் தெருவிலும் அதைத்தான் பேசுவார்கள்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே நூர்பானு எழுந்து தேங்காய்ப்பால் சோறும் இறைச்சிச் சால்னாவும் ஆக்கினாள். கிளம்புவதற்கு முன் மறுபடி கொதிக்கச் சூடு பண்ணி, கல்யாணச் சீராக வந்த அடுக்குக் கேரியரில் எடுத்து வைத்துத் துண்டு சுற்றினாள். அதன் மூடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். எத்தனையோ முறை சாம்பல் போட்டுத் தேய்த்தும் நூர்பானு என்ற பெயர் அழியாமல் இருந்தது.

நிக்காஹ் சேலையை எடுத்துப் பார்த்துவிட்டு, இது கொஞ்சம் அதிகம் என்று தோன்றி, அதற்கு அடுத்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டாள்.

அசீனாவுக்கு அரைப்பரீட்சை. பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள் வாசலில் நின்றாள்.

"அத்தா இன்னைக்கே வந்துருவாகளாம்மா?"

"கேட்டுட்டு வாரேன்."

"நம்ம வீட்டுக்கு வாரதுக்குக் கேக்கணுமா?"

"பரீச்சைக்கு நேரமாச்சு, போ."

பெண் போய்விட்டாள். அவள் கேட்டது போகவில்லை.

* * *

மருமகளைத் தனியாக அனுப்ப ஹமீதுக்கு மனமில்லை. தானும் கிளம்பினார். மகன் தன்னைக் கூப்பிடவில்லை என்ற வருத்தத்தைத் தொப்பிக்குள் வைத்து மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். போன ரம்ஜானில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனிதர். அதற்குப் பிறகு வருத்தப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவரும் முடிந்தவரை கேட்டு நடக்கிறார்.

பஸ் வன்னியம்பட்டியைத் தாண்டும்வரை பேசாமல் வந்தார். பிறகு மெல்ல ஆரம்பித்தார்.

"மாடி ரூமப் பத்தி நீ ஒண்ணும் சொல்லிராத தாயி. அவனே வந்து பாக்கட்டும்."

"சரி மாமா."

கொஞ்ச தூரம் போயிருக்கும்.

"சொல்லாட்டி அவன் வருவானோ என்னமோ. சொல்லிரு."

"சரி மாமா."

அந்த மாடி ரூமுக்கு ஒரு வரலாறு உண்டு. கடைசியாக வந்திருந்தபோது, கொல்லைப்புறம் போய்க் குளிக்க வேண்டியிருக்கிறது என்று ஜமால் முகம் சுளித்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு ஹமீது இந்த ஒரு வருஷமாக மொட்டைமாடியில் ஒரு ரூம் கட்டினார். ரூமுக்குள்ளேயே குளியலறை, உட்கார்ந்து எழும் வெஸ்டர்ன் கோப்பை. கொத்தனார் குருசாமி அந்தக் கோப்பையை மேற்கே பார்த்து வைத்துவிட்டார். தொழும்போது முகம் வைக்கிற கிப்லாத் திசையைப் பார்த்து அங்கே உட்காருவதா? சிமெண்டு காய்ந்த பிறகும் ஹமீது விடவில்லை. உடைத்து வடக்கே திருப்பி வைக்கச் சொல்லிவிட்டார். 'பாய், உங்க மகன் சார்ஜாவுல தெச பாத்தா உக்காருதாரு?' என்று குருசாமி தலையில் அடித்துக்கொண்டார். சுவருக்கு வெளிர்நீலம் அடித்தாகிவிட்டது. கட்டிலும் வந்துவிட்டது. ஆள்தான் பாக்கி.

* * *

ராஜபாளையத்தில் தியேட்டர்கள் சேர்ந்தாற்போல் இருக்கும் தெருவின் கடைசியில் இருந்தது 'மலைமுகம்'. வெளியூரில் கட்டடப் படிப்பு முடித்து வந்த மில்காரர் மகன் ஒருவர் ஆசை ஆசையாகக் கட்டியது. ரூம்கள் பத்துகூட இருக்காது. சினிமா கம்பெனிக்காரர்களும் மில்லுக்கு வரும் வடக்கத்தி ஆட்களும்தான் தங்குவார்கள். ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்ப்பதோடு சரி. பெயர்ப்பலகை உள்ளங்கை அகலம். சுவருக்குப் பூச்சு இல்லை, செங்கல் அப்படியே தெரிந்தது.

"பூசுறதுக்குள்ள கொத்தனாரோட சண்டையாயிருச்சு போல" என்றார் ஹமீது. நூர்பானுவுக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

எதிர்த் தியேட்டரில் புதுப்படம். காலைக் காட்சி தொடங்கிவிட்டிருந்தது. போஸ்டரில் பார்வை படாமல் ஹமீது தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் இதுக்குள்ள வரல. பள்ளிவாசல்ல இருக்கேன். ஜும்ஆத் தொழுகைக்கு அவன அங்க அனுப்பு. பெத்தவன பாக்க அவன்தான் வரணும்."

"வெயில்ல நடக்காதீக மாமா."

"நான் பாத்துக்கிடுதேன். நீ போ."

உள்ளே அவளை மாடிக்கு அழைத்துப் போனது ஏசம்மாள். ரூம்களைச் சுத்தம் செய்யும் நடுத்தர வயதுக்காரி. யாராவது பேச்சுக் கொடுத்தால் விடாத ரகம். முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஒற்றைத் தாமரை. அதைத் தினமும் மாற்ற வேண்டுமாம். விளக்குகளைச் சுவருக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். படிக்கட்டுக்குக் கைப்பிடி கிடையாது.

"எல்லாம் எங்க முதலாளி வச்ச ஏற்பாடு தாயி. கட்டில்கூட மரத்துல இல்ல. சிமெண்டு மேடை. நகத்த முடியாது. காலைல முழிச்ச ஒடனே நேரா மலை தெரியணும்னு இப்படிப் போட்டிருக்காரு. தலகாணி கெழக்குச் சொவத்துப் பக்கந்தான் இருக்கணும். மாத்தி வச்சா எங்களுக்கு ஏச்சு விழும்."

"அப்ப காலு?"

"காலு மலையப் பாத்துத்தான்."

மலை மேற்கே. நூர்பானுவுக்கு மனசுக்குள் என்னவோபோல் இருந்தது. ஏசம்மாளிடம் சொல்லி என்ன செய்ய? அவர்களுக்கு அது மலை, அவ்வளவுதான்.

கதவைத் திறந்தவன் ஜமால். உடம்பு போட்டிருந்தது. மீசையை எடுத்திருந்தான். இத்தனை வருஷத்தில் அவன் கதவைத் திறந்ததும் என்ன சொல்வான் என்று அவள் பலவிதமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

"வா நூரு. பஸ்ல கூட்டமா?" என்றான்.

அவள் நினைத்துப் பார்த்ததில் இது இல்லை.

"இல்ல மச்சான். எடம் கெடச்சுச்சு."

ரூம் அழகாகத்தான் இருந்தது. வழுவழுவென்று சிவப்புத் தரை. சுவரில் ஒரு படம்கூட இல்லை. குளியலறைக்குக் கதவே கிடையாது. சுவர்தான் நத்தை ஓடு மாதிரி வளைந்து உள்ளே போனது. இதில் மனுஷர் எப்படிக் குளிப்பது என்று அவளுக்குப் புரியவில்லை. மேற்குப் பக்கம் முழுவதும் ஒரே கண்ணாடி. அதில் மலை முழுசாக நின்றது.

ஜமால் நாற்காலியைக் காட்டினான். தரையிலிருந்து ஒரு முழ உயரம். உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கை கொடுக்க வேண்டும். அவள் நின்றுகொண்டே பேசினாள். அசீனாவின் படிப்பைச் சொன்னாள். மாமாவின் நெஞ்சுவலியைச் சொன்னாள். மாடி ரூமைச் சொன்னாள்.

"உங்களுக்குன்னே கட்டியிருக்காக. எல்லாம் உள்ளயே இருக்கு."

"அவருக்கு எதுக்கு இந்த வயசுல இந்த வேலையெல்லாம்" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "நூரு, எனக்கு இங்க கொஞ்சம் பிசினஸ் விசயம். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிய அங்க எறக்கலாம்னு ஒரு யோசன. ரெண்டு மணிக்கு ஆளுக வாராங்க. நான் ஜும்ஆவுக்குப் போயிட்டு அத்தாவயும் பாத்துட்டு வந்துருதேன். பொறவு ஒன்னய பஸ் ஏத்தி விடுதேன்."

"சாப்பாடு கொண்டாந்திருக்கேன்."

"வச்சிரு. வந்து சாப்பிடுதேன்."

அவன் போய்விட்டான். அவனுடைய சென்ட் வாசனை மட்டும் இருந்தது.

* * *

இப்படி ஒரு வரவேற்புக்குப் பிறகும் நூர்பானு சந்தோஷமாக இருந்தாள் என்று சொன்னால் நம்புவீர்களா? இருந்தாள். வந்துவிட்டான், கண்ணால் பார்த்தாகிவிட்டது, மாமாவைப் பார்க்கப் போயிருக்கிறான். இதற்குமேல் கேட்கிற பழக்கம் அவளிடம் இல்லாமல் போய்விட்டது.

முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மேஜையில் கேரியரை வைத்தாள். கை சும்மா இருக்காதே, கட்டில் விரிப்பைச் சரி செய்யலாம் என்று போனாள்.

தலையணை மேற்குப் பக்கம் கிடந்தது. கண்ணாடி ஓரம், மலைக்குப் பக்கத்தில்.

ஏசம்மாள் சொன்னதற்கு நேர்மாறாக இருந்தது. நூர்பானு அதைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கல்யாணமான புதிதிலிருந்து இது அவர்களுக்குள் நடக்கும் சண்டை. ஜமாலுக்குத் திசையே தெரியாது. எந்தப் பக்கம் வாகாக இருக்கிறதோ அந்தப் பக்கம் தலையை வைத்து விழுவான். மேற்கே கால் நீட்டாதீர்கள் என்று அவள் கெஞ்சுவாள். 'ஒறங்குற காலுக்கு ஊர் தெரியுமாட்டி?' என்று கேலி பண்ணுவான். அவன் தூங்கிய பிறகு தோளைப் பிடித்துத் தள்ளித் தலையணையைத் திருப்பிப் போடுவது அவள் வேலையாக இருந்தது. அப்படிப்பட்ட மனிதர், யாரும் சொல்லாமலே, நகர்த்த முடியாத சிமெண்டு மேடையில் தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுத்திருக்கிறார். தூரத்தில் இருந்தாலும் நம் பேச்சு காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது என்று நினைத்தாள். மாமாவிடம் முதலில் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

விரிப்பை இழுத்து விட்டாள். அதன் மடிப்புக்குள் இன்னொரு தலையணை கிடந்தது. அதுவும் மேற்குப் பக்கம். அதன் நடுவிலும் தலை வைத்த பள்ளம் இருந்தது.

ஓட்டல் என்றால் ஒரு கட்டிலுக்கு இரண்டு தலையணை இருக்கும்தான். ஒருவரே இரண்டிலும் மாறி மாறிப் படுக்கலாம்தான். நூர்பானு தனக்குத் தானே இதைச் சொல்லிக்கொண்டாள். விரிப்பை அப்படியே விட்டுவிட்டு அந்த முழ உயர நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிர்த் தியேட்டரிலிருந்து பாட்டுச் சத்தமும் விசில் சத்தமும் வந்துகொண்டிருந்தன.

ஜமால் வந்தபோது வேர்த்திருந்தது.

"அத்தாவப் பாத்தேன். அழுதுட்டாரு. பள்ளிவாசல்ல எல்லாரும் பாக்காங்க. பஸ் ஸ்டாண்டுல நிக்கேன்னாரு. ரொம்பத் தளந்துட்டாரு நூரு."

சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினான். அப்பாடா என்று கட்டிலில் சாய்ந்தான். தலையைக் கிழக்குச் சுவரோரம் வெறும் விரிப்பில் வைத்து, காலை மேற்கே நீட்டினான். இரண்டு குதிகாலும் அந்த இரண்டு தலையணைகளின் மேல் போய் உட்கார்ந்தன. அவன் எதையும் கவனிக்கவில்லை.

அந்த நிமிஷத்தில் நூர்பானுவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"தலகாணிய யாரு மச்சான் அந்தப் பக்கம் போட்டது?"

"எந்தத் தலகாணி?"

"ஒங்க காலுக்குக் கீழ கெடக்கே, அது."

அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். காலை இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். இன்னொருத்தியின் சீப்பை எடுத்து ஒளித்து வைத்திருந்தான். பெட்டியை எங்கோ அனுப்பியிருந்தான். குளியலறையில் ஒரு கொண்டை ஊசிகூட இல்லாமல் துடைத்து வைத்திருந்தான். திசை மட்டும் அவன் கண்ணில் படவில்லை. என்றைக்குமே பட்டதில்லை.

"ரூம்காரம்மா போட்டிருப்பா."

"அவிய இந்தப் பக்கந்தான் போடுவாகளாம். வரும்போதே சொன்னாக."

ஜமால் தரையைப் பார்த்தான்.

"நீங்க போட மாட்டீக. போடச் சொல்லி நான் தொண்டத் தண்ணி வத்தக் கத்தியிருக்கேன்." அவள் குரல் உயரவில்லை. "தொழுகிற பொண்ணுதான், இல்ல?"

அவன் கைக்கடிகாரத்தின் வாரைத் தளர்த்தி மறுபடி மாட்டினான்.

"ஆமா" என்றான் கடைசியில். "நாகர்கோயில் பக்கம். சார்ஜா ஆஸ்பத்திரில நர்ஸு. முறப்படி நிக்காஹ் பண்ணித்தான் நூரு. தப்பா எதுவும் பண்ணல. மார்க்கத்துல எடமிருக்கு."

"எடமிருந்தா எதுக்கு மச்சான் ஒளிச்சு வச்சீக?"

"ஒளிக்கல. சொல்ற நேரம் வரல."

"பேரு?"

"நூர்னிசா."

"அவளையும் நூருன்னுதான் கூப்பிடுதீகளா?"

அவள் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். அந்நிய ஆண் முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"இப்ப எங்க இருக்கா?"

ஜமால் எதிர்த் தியேட்டர் பக்கம் தாடையைக் காட்டினான். "காலைக் காட்சிக்கு அனுப்பியிருக்கேன். ஓட்டல்காரங்க வீட்டு அம்மா ஒருத்தவுக கூடப் போயிருக்காக."

ஆறு வருஷம் காத்திருந்தவளுக்கு அவன் ஒதுக்கியது ஒரு சினிமா ஓடுகிற நேரம். அதிலும் இடைவேளை போயிருந்தது. எனக்கு இந்த இடத்தில் அவனை நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருக்கிறது. நூர்பானு கேட்கவில்லை. ஆகையால் நானும் விடுகிறேன்.

"நூரு, ஒண்ணே ஒண்ணு. அத்தாட்ட சொல்லிராத. அவரு தாங்க மாட்டாரு." அவன் குரல் கெஞ்சியது. "நாயித்துக்கெழம வாரேன். ரெண்டு நாளு இருக்கேன். அந்த மாடி ரூம்லயே இருக்கேன். அவரு மனசு குளுந்துரும். பொறவு நான் போயிருவேன். பணம் வந்துக்கிட்டுத்தான் இருக்கும். ஒனக்கு எதுவும் மாறாது."

எதுவும் மாறாது. அதைவிட மோசமாக அவன் எதையும் சொல்லியிருக்க முடியாது. மாறும் மாறும் என்றுதான் அவள் ஒவ்வொரு நாளையும் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

"மாமா தாங்க மாட்டாக. அது தெரியும்" என்றாள். "நான் தாங்குவேன்னு எப்படித் தெரிஞ்சுச்சு?"

வெளியே தியேட்டர் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. ஜமால் பதறி எழுந்து செருப்பை மாட்டினான்.

"வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

கேரியரை எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. அதை ஒளிக்க அவனுக்குத் தோன்றவில்லை.

ஓட்டல் வாசலில் கூட்டம் அடைத்துக்கொண்டு வந்தது. ஜமால் பக்கத்துச் சந்தில் அவளை இழுத்துக்கொண்டு நடந்தான். நூர்பானு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து சிரித்துக்கொண்டு ஒருத்தி வந்தாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி, முக்காடு போட்ட ஒருத்தி, இன்னும் ஒருத்தி. எந்த முகம் என்று தெரியாததால் அவள் எல்லா முகங்களையும் பார்த்தாள்.

* * *

பஸ் நிலையத்தில் ஹமீது நின்றிருந்தார். மகனும் மருமகளும் சேர்ந்து நடந்து வருவதைப் பார்த்ததும் அவர் முகத்தில் பத்து வயது குறைந்துவிட்டது. இரண்டு கையிலும் ஏதோ பெரிதாக வைத்திருந்தார். பழைய தினசரித்தாளில் சுற்றிச் சணல் கட்டியிருந்தது.

"பாத்தியாப்பா, ஒனக்குத்தான். நல்ல இலவம்பஞ்சு. கண்ணு முன்னாலயே அடச்சு வாங்கினேன். மாடிக் கட்டிலுக்கு எல்லாம் இருக்கு, தலகாணி மட்டும் பழசா இருந்துச்சு."

ஜமால் ஒரு எட்டு பின்னால் போனான்.

ஹமீது இரண்டு தலையணைகளையும் நூர்பானுவின் கையில் கொடுத்தார். அவருக்குக் கேலி பண்ணும் அளவுக்குச் சந்தோஷம் வந்திருந்தது.

"எந்தப் பக்கம் போடணும்னு நீதான் பாத்துப் போடணும் தாயி. இவன விட்டா மேக்கே கால நீட்டிருவான். இவனுக்குத் தெக்குத் தெரியுமா, வடக்குத் தெரியுமா. சின்னதுலருந்து ஒருத்தர் திருப்பிப் போட்டுத்தான் படுத்திருக்கான்."

நூர்பானு ஜமாலைப் பார்த்தாள். அவன் பஸ் போர்டைப் படித்துக்கொண்டிருந்தான்.

"சரி மாமா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று பஸ் கிளம்பும்போது ஜமால் அவரிடமும் சொல்லிவிட்டான். வழியெல்லாம் ஹமீது பேசிக்கொண்டே வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆட்டுக்கறி சொல்லிவிட வேண்டும், குழாயில் ஒரு சொட்டு ஒழுகுகிறது, குருசாமியைக் கூப்பிட வேண்டும், கதவுக்குத் திரை தைக்க வேண்டும். நூர்பானு மடியில் தலையணைகளை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் சரி என்றாள். அழுகை வந்தபோதெல்லாம் தலையணையில் முகத்தைச் சாய்த்து, தூக்கம் வருவதுபோல் இருந்துகொண்டாள். புதுப் பஞ்சின் வாசனை அடித்தது. தன் வாழ்நாளில் இனிமேல் இந்த வாசனை பிடிக்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

* * *

அசீனா பரீட்சை முடிந்து வந்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அத்தா எப்பம்மா வாராக?"

"நாயித்துக்கெழம."

"நெசமாவா?"

"தாத்தாட்ட கேளு."

தாத்தா அதற்குள் ஒரு தலையணையோடு மாடி ஏறிவிட்டார். கட்டிலை இழுக்கும் சத்தம் கீழே கேட்டது. நூர்பானு அடுப்படியில் போய் நின்றாள். உலை வைக்க வேண்டும். எதற்கு என்று தெரியவில்லை, ஆனால் வைக்க வேண்டும்.

அப்போதுதான் அரிசிக்கடையிலிருந்து வேல்சாமியின் குரல் கேட்டது.

"நூர்பானும்மா, ஒங்களுக்குப் போனு. ஒரு பொம்பளப்புள்ள பேசுது."

ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். வேல்சாமி மூட்டைக் கணக்குப் பார்க்கப் பின்னால் போய்விட்டார்.

"யாரு?"

அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம்.

"நூர்பானு... அக்காவா?"

"ஆமா. யாரு பேசுறது?"

"நான் நூர்னிசா பேசுதேன்." சின்னப் பெண்ணின் குரல். "ஒங்க கேரியரு இங்க ரூம்ல இருக்கு. மூடியில பேரு பாத்தேன். அவிய கீழ யாரோடயோ பேசிக்கிட்டிருக்காவ. நேத்து அவிய கூப்பிட்ட நம்பரையே ஓட்டல்காரங்ககிட்ட போடச் சொல்லி வாங்கினேன்."

இந்தக் குரலுக்குரிய முகத்தைத்தான் நூர்பானு கூட்டத்தில் தேடினாள்.

"நான் படம் விட்டு வந்து தொறந்து பாத்தேன். சோறு இன்னும் லேசா சூடா இருந்துச்சு." அந்தப் பெண் அழுதாள். "அவியளுக்க மொத பொண்டாட்டி பேரு நூர்பானுன்னு எனக்குத் தெரியும். நிக்காஹுக்கு முன்னாலயே எங்க வாப்பாகிட்ட சொல்லிட்டாவ. ஆனா..."

"ஆனா என்ன?"

"நீங்க மவுத்தாயிட்டீங்கன்னுதான் சொன்னாவ."

அரிசி மூட்டைகளின் மேல் ஒரு குருவி வந்து உட்கார்ந்து எதையோ கொத்தியது.

"நான் ஒவ்வொரு தொழுகையிலும் ஒங்களுக்காக துஆ கேப்பேன் அக்கா. இன்னைக்கு சுபுஹுக்குக்கூடக் கேட்டேன். மவுத்தானவிய ஆக்குன சோறு எப்படி அக்கா சூடா இருக்கும்? அவிய எனக்கிட்ட எதுக்குப் பொய் சொன்னாவ?"

தனக்காக யாரும் துஆ கேட்கவில்லை என்று நூர்பானு பல வருஷமாக நினைத்திருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தது இந்தப் பெண். தலையணையை மேற்கே திருப்பிப் போட்டுவிட்டு, இறந்துபோனவளுக்காகக் கையேந்தியிருக்கிறாள். இவளைத் திட்டக்கூட வழியில்லை. காலையிலிருந்து தாங்கிக்கொண்டிருந்தது இங்கேதான் நூர்பானுவிடம் அறுந்தது.

"அழாதம்மா" என்றாள். "மவுத்தாயிட்டேன்னு அவுக சொன்னது பொய்யில்ல."

"என்னக்கா சொல்லுதிய?"

"கொஞ்சம் முன்னக்கூட்டிச் சொல்லிட்டாக. அம்புட்டுத்தான்."

ரிசீவரை வைத்தாள். அது சரியாக உட்காரவில்லை. இரண்டாவது தடவை வைத்தாள்.

திரும்பினால் அரிசிக்கடைப் படியில் மாமா நின்றிருந்தார். கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டு, தலைமாடு எந்தப் பக்கம் என்று கேட்க இறங்கி வந்திருக்கிறார். தலையணை இன்னும் அவர் கையில் இருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"யாரு தாயி மவுத்து?" என்று கேட்டார்.